ஸ்டீம் ஏறட்டும் என்று காத்திருந்த லோஞ்சு

எங்கள் அண்ணையின் அந்தியேட்டி நாளில் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, அவருடைய லோஞ்சில் ஒருமுறையாவது கடல் கடந்தவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட தங்கை நான். எழுத்தில் பிழை வந்துவிடுமோ என்று பயந்து பலமுறை எழுதிக் கிழித்தேன். ஆனால் அண்ணையைப் பற்றி நான் அறிந்ததில் பிழை இராது.

அண்ணை நெடுந்தீவில், கடற்கரையோடு ஒட்டிய வீட்டில் பிறந்தவர். எங்கள் அப்பாவின் தகப்பனாரை நாங்கள் அப்பு என்போம். அவர் நீராவி லோஞ்சில் நெருப்புப் போட்டவர். அதற்கு முந்திய காலத்தில் தீவுச் சனம் பாய்த்தோணியில் போய்வந்தது. காற்று விழுந்தால் நடுக்கடலில் கிடக்கவேண்டியதுதான். நீராவி வந்தபிறகு காற்றின் தயவு தேவைப்படவில்லை, பொயிலரின் தயவுதான் வேண்டியிருந்தது. நெருப்பு மூட்டி, தண்ணீர் கொதித்து, நீராவி ஏறும்வரை லோஞ்சு அசையாது. துறையில் புகை எழும்பக் கண்டபிறகுதான் ஊர்ச்சனம் குளித்து, சாப்பிட்டு, வெளிக்கிடுமாம். ஊதல் கேட்டால் ஓட்டம்தான்.

டீசல் எஞ்சின் வந்தபோது அந்தப் புகை நின்றுபோனது. எஞ்சினை முடுக்கியதும் லோஞ்சு போய்விடும். சனம் பையோடு துறையில் நிற்கும். அப்பா வேளைக்கே காலமாகிவிட, குடும்பத்தைத் தாங்க லோஞ்சில் ஏறிய அண்ணை கண்டது இதைத்தான். ஓட்டுகிற பொறுப்பு அவர் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாற்றம் செய்தார். முதலில் ஒரு ஊதல். பிறகு, அப்புவின் பொயிலர் கொதிக்கிற அளவுக்கு ஒரு காத்திருப்பு.

உடுவிலில் இருந்து தீவுக்குப் படிப்பிக்க வந்த ஒரு ரீச்சர் ஒருநாள் பொறுமை இழந்து கேட்டார்:

"ஐயா, டீசல் எஞ்சினுக்கு என்ன ஸ்டீம்?"

"எஞ்சினுக்கு வேண்டாம் ரீச்சர், சனத்துக்கு வேணும்."

லோஞ்சே சிரித்தது. அதன்பிறகு ஏறுகிறவர்கள் எல்லாம், "அண்ணை, ஸ்டீம் ஏறீட்டுதோ?" என்று பகிடி பண்ணத் தொடங்கினார்கள். "இன்னும் இல்லை, அங்கை ஒரு மனிசி குடத்தோடை ஓடி வாறா" என்பார் அவர். போர்க்காலத்தில் டீசல் கிடையாமல் லோஞ்சு கரையில் கிடந்தபோதும், "அப்புவின்ரை பொயிலர் இருந்தா விறகிலை ஓடியிருப்பன்" என்று சொல்லிச் சிரித்தவர். அந்த நாட்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது அண்ணையின் மனைவி, என் மச்சாளின் தையல் மெஷினால்.

நான் உரும்பிராயில் வாழ்க்கைப்பட்டவள். தீவுக்குப் போகும்போதெல்லாம் அண்ணையை நச்சரிப்பேன்.

"அண்ணை, வெளிக்கிடுங்கோவன். முகில் கறுக்குது, தெரியேல்லையே?"

"நீ வானத்தைப் பார் பிள்ளை. நான் ரோட்டைப் பாக்கிறன்."

காற்று மோசமானால் அவர் கயிற்றையே அவிழ்க்கமாட்டார். அவர் கையில் ஒரு உயிருக்கும் சேதம் வந்ததில்லை.

நோய் அவரை நெடுநாள் படுக்கையில் வைக்கவில்லை. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கண்மூடினார். பூதவுடலை, தீவுக்கு லோஞ்சு ஏறும் குறிகட்டுவான் துறைக்குக் கொண்டுவந்து அவருடைய லோஞ்சிலேயே ஏற்றினோம். கொழும்பில் வேலைசெய்யும் அவருடைய ஒரே மகள் இன்னும் வந்து சேரவில்லை. சோழகக் காற்று எழும்பிக்கொண்டிருந்தது. அன்று அதற்குப்பிறகு வேறு லோஞ்சும் இல்லை. விட்டுவிட்டுப் போனால் பிள்ளை தகப்பன் முகம் காணமாட்டாள்.

தொலைபேசியில் அழுதாள்: "மாமி, வேலணை தாண்டீட்டன். விட்டிட்டுப் போயிடாதேங்கோ."

பெரியப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது. "பொழுதுபட முன்னம் கிரியை முடிக்கவேணும் பிள்ளை. காத்தும் ஏறுது. எடுக்கச் சொல்லு."

இப்போது அந்த லோஞ்சை ஓட்டும் ஊர்த் தம்பி, மச்சாளைப் பார்த்தார். மச்சாள் பேழையில் தலை சாய்த்திருந்தார். பிறகு தம்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, கடல் தாங்குமோ?"

"இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும் அக்கா."

"அப்ப பொறு. ஸ்டீம் ஏறேல்லை."

பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். "ஓம், ஏறேல்லைத்தான்" என்றார். தம்பி ஊதலை ஒருமுறை அடித்தார். வாழ்நாளில் முதல் தடவையாக நான் வானத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்தாள். ஏறியதும் கயிற்றை அவிழ்த்தோம். வெளிச்சம் இருக்கும்போதே அண்ணை வீடு சேர்ந்தார், மகளின் கை அவர் நெற்றியில் இருக்க.

அவரைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர்கள், துறையில் தோள் கொடுத்தவர்கள், பந்தல் போட்டு, சமைத்து, எங்களோடு இருந்த ஊரவர், தூர தேசங்களில் இருந்து ஆறுதல் சொன்ன உறவுகள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று அந்தக் காற்றில், ஒரு சொல் முணுமுணுக்காமல், ஓடிவந்த ஒரு பிள்ளைக்காகக் காத்திருந்தவர்களே, உங்களுக்கு நான் தனியாக நன்றி சொல்லவேண்டும். அண்ணை இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.