அத்தை சொன்ன ஒரே ஒரு ‘நைஸ்’

மாவு மில்லுக்குள் காலை வைத்ததும் முதலில் தும்மல்தான் வரும்... மிளகாய் வத்தல் நெடி. அது அடங்கினால்தான் சுடுமாவு வாசம் தெரியும்.

கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்த புதிது. நாத்தனாருக்கு வளைகாப்பு. முறுக்கு மாவு திரிக்க என் மாமியார், அதாவது அத்தை, யாரையும் நம்பி அனுப்பியதில்லை. அன்றைக்கு அவருக்கு முழங்கால் வீக்கம். அரிசி போட்ட தூக்குச்சட்டியை என்னிடம் நீட்டி, “கெடுத்துட்டு வந்திராத” என்றார். அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் ஒருத்தி வத்தல் திரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சூட்டோடு அரிசியைப் போட்டால் முறுக்கு உறைக்கும். கோதுமை வைத்திருந்த இரண்டு பேரை நைஸாக முன்னே விட்டேன். அவர்கள் வீட்டுச் சப்பாத்தி எப்படி இருந்ததோ...

மில்காரர் நைஸா, ரவையா என்று கேட்டார். நான் படித்த அஞ்சாம் வகுப்பு வரை அந்த வார்த்தையை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. துணிக்கடையில் சேலையைத் தடவிக் காட்டி ‘நைஸ்’ என்பார்களே, அதில் படித்ததுதான். நிமிர்ந்து நின்று, “நல்ல நைஸா வேணும் அண்ணாச்சி. ரெண்டு ஓட்டு ஓட்டுங்க” என்றேன்.

கொதிக்கக் கொதிக்க வந்தது மாவு. சிந்தக் கூடாதென்று மூடியை இறுக்கி, வெயிலில் நடந்தே வீடு வந்தேன்.

அத்தை திறந்தார். மூடிக்கு அடியில் முத்து முத்தாக வேர்வை. மாவு கட்டி கட்டியாக இருந்தது.

அத்தை பழைய வேட்டியை விரித்து, கொட்டி, ஆற்றி, சலித்தார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலால் தேய்த்தார்... தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“நைஸாத்தான் இருக்கு. சூடு ஆறாம மூடிட்ட. இனிமே மில்லுக்கு நீயே போ, ஏட்டி.”

முறுக்கு ஒன்றுகூட உடையவில்லை.

இப்போது பேத்தி பாக்கெட் மாவில் முறுக்கு பிழிகிறாள். கெட்டிக்காரி, நன்றாகவே வருகிறது. போட்டோவைப் போனில் போட்டதும் கீழே வரிசையாக நைஸ், நைஸ், நைஸ்... கூடவே கட்டைவிரல் படம் வேறு. யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, தின்றும் பார்க்கவில்லை.

எனக்கும் சந்தோஷம்தான். நானும் ஒரு கட்டைவிரல் போடுவேன்.

ஆனாலும் அத்தையின் கட்டைவிரல் ஞாபகம் வந்துவிடுகிறது... அதில் மாவு ஒட்டியிருந்தது.