கட்டாரிலிருந்து பார்த்த கதவு

எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில், ஓலைக் கொட்டிலுக்குள், கதவு கழற்றிய ஒரு பழைய இங்கிலாந்துக் கார் நின்றது. ரெண்டு கதவுக் கார். கட்டாரில் சாரதியாக இருக்கும் என் புருஷன் லீவில் வந்தபோது சிலாபத்துப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் கண்டு வாங்கியது. திருத்தி எடுத்தால் கல்யாண வீடுகளுக்கும் ஆலங்குடா ஹோட்டல்களுக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கும் ஓடலாம், கார் முடிந்த அன்றைக்கே ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊர் எத்தாளையில் பார்க்க வந்தவர்களெல்லாம் துருவைக் காட்டிச் சிரித்தார்கள். எனக்கு அந்தக் காரைப் பார்த்தால் சந்தோஷமாக இருந்தது.

தகடு தட்டித் திருத்தும் வேலைக்கு வந்த டிங்கர் பாஸ் சிலாபத்து வேதக்காரர். பாதிச் சிங்களம், பாதித் தமிழ். கிழமையில் சில நாள்தான் வருவார். எங்கள் கடல்காற்று அவர் வரும்வரை பொறுத்திருக்காது. பெயின்ட் சுரண்டிய தகட்டை ஓரிரவு சும்மா விட்டால் விடியும்போது சாயத்தண்ணி ஊற்றின மாதிரித் துரு ஏறிவிடும். அதனால் தேய்க்கும் வேலையை நான் பழகிக்கொண்டேன். பழைய ரப்பர் செருப்பைத் துண்டாக வெட்டி, அதில் வோட்டர் பேப்பர் என்கிற உரசும் தாளைச் சுற்றி, தண்ணீர் விட்டுவிட்டுத் தேய்க்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால் குடிக்க வாங்கும் தண்ணீரைத்தான் கதவுக்கு ஊற்றினேன். என் மாமி எட்டிப் பார்த்து, கார் தொழப் போகிறதா, வுழூச் செய்து கொடுக்கிறாயா என்று கேட்டார். மாமிக்கு நாக்கில்தான் முழுச் சீவனும்.

கதவை மாட்டுவதுதான் பெரிய பாடு. கதவைத் தாங்கும் பிணைச்சலைத் தளர்த்தி, கீழே மரக்கட்டை கொடுத்து நான் தூக்கிப் பிடிப்பேன், பாஸ் முறுக்குவார். கட்டையை எடுத்ததும் கதவு கொஞ்சம் தொங்கும். கீழே ஒட்டும், மேலே விரல் போகும். மறுபடி தளர்த்த வேண்டும். சுற்றிவர இடைவெளி ஒரே அளவாக வந்தபிறகு பட்டி பூசிக் காயவிட்டு, முன்பக்கத்திலிருந்து கதவு வழியாகப் பின்பக்கம் ஓடும் கோடு நேராகும்வரை தேய்ப்பேன். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினால் மேடு பள்ளம் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இவர் கட்டாரிலிருந்து வீடியோவில் வருவார். நான் போனைக் கதவோரமாக மெல்ல நகர்த்துவேன். முதல் எல்லாம் அவசரம்தான்; கெதியாக முடிக்கச் சொல்லு என்பதே பேச்சு. வலப்பக்கக் கதவு சரிவந்த அன்று மாஷா அல்லாஹ் சொல்லி, இனி அதில் கை வைக்கவே கூடாது என்றார். நாங்களும் வைக்கவில்லை.

இடப்பக்கக் கதவில் தொடங்கியது வினை. மேலே இடைவெளி கூட என்றார். கழற்றி மாட்டினோம். கீழே குறைய என்றார். தேய்த்தேன், பட்டி பூசினோம், மறுபடி தேய்த்தேன். என் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. குற்றம் பார்க்கில் சுற்றமில்லை என்பார்கள், இந்த மனிதர் கதவில்கூடப் பார்த்தார். கடைசியில் பாஸ் கருவியைக் கீழே வைத்து, “ஹரி, சரிதான் தங்கச்சி, புதுக் கார்லயும் இப்படித்தான்” என்றார். என் உள்ளங்கையும் அதையேதான் சொன்னது. இவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கொட்டிலின் இடப்பக்கம் வெயில் கூசியது. லைன் வரும்வரை காரின் மற்றப் பக்கம் போய் நின்றேன். திடீரென்று லைன் வந்து, போன் எதைக் காட்டியதோ அதைப் பார்த்து இவர் ஆரம்பித்துவிட்டார். பிணைச்சல் பக்கம் இறங்கியிருக்கிறதாம், கழற்ற வேண்டுமாம். அது வலப்பக்கக் கதவு. கை வைக்கக் கூடாது என்று அவரே சொன்ன கதவு.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆளை நன்றாகப் பகிடி பண்ணலாம் என்று வாய் திறந்தேன். பிறகு, கார் முடிந்த அன்றைக்கே வருவதாக இவர் சொன்னது நினைவு வந்து சிரிப்பு நின்றுவிட்டது. இது எந்தக் கதவு என்று மட்டும் சொன்னேன்.

“உங்களுக்கு வர விருப்பமில்லையா?” என்று கேட்டேன்.

“விருப்பமில்லாம இல்ல புள்ள. லீவுல வந்த ஆளா இருக்கத்தான் எனக்குத் தெரியும். லீவு முடிஞ்ச பிறகு அந்த வீட்டுல நான் என்ன செய்யிற?”

பொய் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். சண்டையில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்தவளில்லை. இந்த உண்மையோடு எப்படிச் சண்டை பிடிப்பது? சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். ஓம் என்றார். போனை வைத்துவிட்டோம்.

அடுத்த நாள் காலையில் பாஸ் பெயின்ட் டின்னோடு வந்து இறங்கினார். கழுத்தில் முகமூடிகூடத் தொங்கியது. இனி ஒரு கிழமையில் கார் ரோட்டுக்கு வந்துவிடும் என்றார். கார் முடியாமல் இருக்கும்வரை அவர் வரப்போகிற ஆள். முடிந்து பளபளவென்று நின்ற பிறகும் வராவிட்டால், மாமிக்கும் ஊருக்கும் எனக்கும் நான் என்ன சொல்வேன்?

“கட்டார் மாத்தயா என்ன சொன்னார், தங்கச்சி?”

“கழட்டச் சொன்னார்.”

“எந்தக் கதவை?”

“ரெண்டையும்” என்றேன்.