நாலு மணிக்கு நிற்கும் கணினி

எங்கள் வீட்டுக் கணினிக்கு ஒருகாலத்தில் ஆவி பிடித்திருந்தது. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் இன்றைக்கும் அதை நம்புகிறவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். உண்மை தெரிந்தவர்கள் அந்த நேரம் மூன்று பேர்தான்: அம்மா, சித்தப்பா, பத்து வயதான நான். நடந்ததை மணி பார்த்துக் கொப்பியில் எழுதி வைத்தவள் நான். ஆனால் மூவரிலும் ஒன்றும் விளங்காதவளும் நான்தான்.

அம்மா வீட்டிலிருந்தபடியே கல்வெட்டு அடித்துக் கொடுப்பவர். எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாளன்று அவருடைய படம், வாழ்க்கை வரலாறு, புலம்பல் பாட்டுகள், உறவினரின் பெயர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சிறு புத்தகம் அச்சடித்துப் பங்கிடுவார்கள். அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். சொந்தக்காரர்கள் அதைக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துவிடுவார்கள். பிறகு எந்தக் காலத்திலும் யார் யாருக்கு என்ன முறை என்று சந்தேகம் வந்தால் அந்தப் புத்தகந்தான் சாட்சி. அதில் பெயர் இல்லாதவர் அந்தக் குடும்பத்திலேயே இல்லாதவர்.

பட்டணத்து அச்சகம் ஒன்று கையெழுத்துப் பிரதியை அனுப்பும். அம்மா அடித்துத் திருத்திக் கொடுப்பார். திருஇருதயப் படத்துக்குக் கீழே, சின்னச் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் இருந்துகொண்டு, தேவாரத்தில் ஒற்றுப்பிழை பிடிப்பார். அப்பாவின் ஆட்கள் எல்லாரும் கடற்தொழில் செய்யும் கத்தோலிக்கர். அம்மாவுக்குத் தேவாரம் எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை. அம்மாவின் வழியில் எங்களுக்கு ஒருவரும் இல்லை. ஒருமுறை கேட்டதற்கு, "அவையெல்லாம் தூர" என்றார். தூரம் என்றால் கனடா என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.

அந்த வருடம் மருதனார்மடத்திலிருந்து ஒரு கல்வெட்டு வந்தது. இறந்தவர் சந்தையில் மொத்தமாக மரக்கறி வியாபாரம் செய்தவர். அவருடைய மூத்த மகன் அச்சகத்தையும் நம்பவில்லை, அம்மாவையும் நம்பவில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்கே வந்து, அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று, எழுத்தெழுத்தாகப் பார்ப்பார். கூடவே அவருடைய மாமியும் வருவார். மாமி என்றால் இறந்தவரின் தங்கை. வாய் ஓயாத மனுஷி.

முதல் நாள் அம்மா உறவுமுறைப் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தார். இன்னாருடைய அன்புக் கணவரும், இன்னார் இன்னாருடைய பாசமிகு தந்தையும் என்று வருகிற பக்கம். பிள்ளைகளின் வரியில் மூன்று பெயர்களை அடித்து முடித்தபோது மாமி மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, நாலு பிள்ளையளெல்லோ?"

"மூண்டுதான் மாமி. அவளின்ரை பேர் வேண்டாம்."

"சாகிறதுக்கு முதல்நாள் அண்ணை அவளைத்தானே கேட்டவர்."

"அவர் நினைவில்லாமல் கேட்டவர். எங்கடை மானத்தை வித்துப்போட்டு ஒருத்தனோடை போனவளுக்கு உதிலை என்ன இடம்?"

இப்படி அவர் சொல்லி முடிக்கவும் கணினி டப்பென்று இருண்டது. பிறகு தானாகவே 'பீப்' என்று கத்திக்கொண்டு மீண்டும் எழுந்தது. அம்மா ஒவ்வொரு பாட்டையும் அடித்து முடிந்தவுடன் சேமித்து வைக்கிறவர் என்பதால் பாட்டுகள் தப்பின. பிள்ளைகளின் வரி மட்டும் போய்விட்டது. அடுத்த நாளும் அதே நேரம், அதே பக்கம், அதே இருட்டு. மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பார் தம்பி. அண்ணை விடுறாரில்லை."

"சும்மா கதையாதையுங்கோ மாமி. ஆரையேன் கூப்பிட்டுத் திருத்துங்கோ தங்கச்சி, நாள் போகுது" என்றார் மூத்த மகன் அம்மாவைப் பார்த்து.

அம்மா கூப்பிட்டது சித்தப்பாவை. அப்பாவின் தம்பி. தொழில், வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது. கணினியும் ஓர் எஞ்சின்தான், தண்ணீரில் ஓடாதது ஒன்றுதான் வித்தியாசம் என்பது அவருடைய கொள்கை. வந்தவுடன் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மூக்கை உள்ளே விட்டு மணந்து பார்த்தார். சைக்கிள் பம்பால் காற்றடித்தார். ஒரு கொட்டைப்பாக்களவு தூசியும் இரண்டு பல்லி முட்டைகளும் வெளியே வந்தன. "உப்புக்காத்து எல்லாத்தையும் தின்னும்" என்று சொல்லி, நினைவகத் தகட்டை உருவி, என்னுடைய அழிறப்பரை வாங்கி அதன் பித்தளைப் பற்களைத் தேய்த்தார். ஸ்ரோபரி வாசம் வீசும் அழிறப்பர் அது. நான் ஒரு வருடமாக அழிக்காமல் வைத்து மணந்துகொண்டிருந்தது. கணினி ஸ்ரோபரி வாசத்தோடு அடுத்த நாளும் நாலு மணிக்கு நின்றது.

சித்தப்பா சளைக்கவில்லை. எனக்கு ஒரு கொப்பி தந்தார்.

"எஞ்சின் நடுக்கடலிலை நிண்டால் அதைத் திட்டிப் பிரயோசனமில்லை பிள்ளை. நிக்கிறதுக்குச் சொட்டு முதல் என்ன நடந்தது எண்டு பார்க்கவேணும். நீ இதிலை இருந்து எழுது. ஒண்டையும் விடாதை."

நான் கொப்பியில் கோடு போட்டு நாலு பத்தி பிரித்தேன். நாள், மணி, நடந்தது, காரணம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேசைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்திக்கொண்டேன். இவ்வளவு பெரிய பொறுப்பை அதுவரை யாரும் எனக்குத் தந்ததில்லை. காகம் கத்தியது, அம்மா தும்மியது, பாண்காரர் மணியடித்துக்கொண்டு போனது, பக்கத்து மீன்வாடியில் ஐஸ் உடைக்கிற மெசின் ஓடத் தொடங்கியது என்று ஒன்றையும் விடாமல் எழுதினேன். அடுத்த நாள் பின்னேரம் சித்தப்பா கொப்பியை வாங்கி விரலை வைத்து வாசித்தார். பிறகு தொடையில் ஓங்கி அடித்தார்.

ஐஸ் மெசின்தான். நாலு மணிக்கு அது தொடங்கும்போது எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் கரண்ட் ஒரு கணம் சோர்ந்துபோகும். பகல் நேரத்தில் விளக்குகள் எரியாததால் ஒருவருக்கும் தெரிவதில்லை. அந்த ஒரு கணத்தைத் தாங்கத்தான் மேசைக்குக் கீழே யூ.பி.எஸ். பெட்டி இருந்தது. அதற்குள் இருக்கும் பற்றறி எப்போதோ செத்துப்போனது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அதைப் பிளக் குத்துகிற பெட்டி என்றே நினைத்துப் பாவித்து வந்தோம். வழக்கமாக அந்த நேரம் அம்மா கணினியில் இருப்பதில்லை. மூத்த மகன் வருவதும் நாலு மணிக்கு. வந்தால் பார்ப்பது உறவுமுறைப் பக்கத்தை. ஆவி என்று மாமி சொன்னது இதைத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் சித்தப்பா புதுப் பற்றறி போட்டார். வாடிக்காரரைக் கெஞ்சி ஐஸ் மெசினை ஐந்து தரம் நிறுத்தித் தொடங்கவைத்தார். கணினி அசையவில்லை. அன்று பின்னேரம் சித்தப்பா குளித்து, தோய்த்த சேட்டுப் போட்டு, சீப்பால் தலையிழுத்துக்கொண்டு வந்து நின்றார். பாராட்டுவதற்கு ஆட்கள் வரப்போகிறார்களே.

அவர்கள் வந்தார்கள். அடுத்த நாள் அச்சுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். முப்பத்தோராம் நாளைத் தள்ளிப்போட முடியாது. அம்மா பக்கத்தைத் திறந்து மூன்று பெயர்களையும் அடித்தார். வாடியில் மெசின் கடகடவென்று தொடங்கியது. கணினி நிற்கவில்லை. நான் "நிற்கவில்லை" என்று கொப்பியில் எழுதினேன்.

"இப்ப என்ன மாமி சொல்லுறியள்? செத்த மனுஷனுக்கும் உந்தக் கொம்பியூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் மூத்த மகன். "சரி தங்கச்சி, இப்பிடியே குடுங்கோ."

 மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

நான் நிலத்தில் இருந்தபடியால் எனக்கு மேசைக்குக் கீழே நடந்தது தெரிந்தது. அம்மாவின் வலது கால் செருப்பை விட்டு மெதுவாக வெளியே வந்தது. பெருவிரல் யூ.பி.எஸ். பெட்டியின் முன்பக்கத்தைத் தடவித் தேடியது. பொத்தானைக் கண்டுபிடித்து ஓர் அமத்து அமத்தியது.

திரை இருண்டது. மூத்த மகன் ஓரடி பின்னால் போனார்.

பெருவிரல் திரும்பவும் அமத்த, கணினி எழுந்தது. அம்மா ஒன்றும் அறியாத முகத்தோடு பக்கத்தைத் திறந்து, பிள்ளைகளின் வரிக்கு வந்தார். இரண்டு பெயர். மூன்றாவது பெயர். மறுபடி இருட்டு.

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "இல்லை ஐயா, நான் காலமைதான் வடிவாச் சோதிச்சுப்..." என்று தொடங்கியவர், பெட்டியைப் பார்க்கக் குனிந்தார். குனிந்தவரின் கண் அம்மாவின் காலில் பட்டது. நிமிர்ந்தபோது அவருடைய முகம் வேறாக இருந்தது.

"இது என்ரை கைக்கு அடங்கிற வருத்தமில்லை ஐயா" என்றார். "என்னாலை ஏலாது."

மாமி கையெடுத்துக் கும்பிட்டு அழத் தொடங்கினார். "அண்ணை, அண்ணை" என்பதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. மூத்த மகன் கதிரையில் இருந்து முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டார். ஐஸ் மெசின் ஓடி முடிந்து நின்றது. அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"போடுங்கோ தங்கச்சி."

"முழுப்பேர் என்ன ஐயா?"

 மாமிதான், "தவமலர்" என்றார்.

"எத்தினையாவது பிள்ளை?"

"எனக்கு அடுத்தவள்" என்றார் மூத்த மகன்.  "என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனவள்."

அம்மா கணினியை எழுப்பி அடித்தார். அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. "மருமக்கள் வரியிலை அவவின்ரை மனுசன்ரை பேரும் வரவேணுமே?" என்று கேட்டார். மூத்த மகன் கணினியை ஒருமுறை பயத்தோடு பார்த்துவிட்டு அந்தப் பெயரையும் சொன்னார். கணினி நிற்கவில்லை.

நான் நேர்மையான எழுத்தாளர். கொப்பியில் எழுதினேன்: வெள்ளி. 4.20. இரண்டு தரம் நின்றது. காரணம்: அம்மாவின் கால்.

அவர்கள் போனபின் அதைச் சித்தப்பாவிடம் பெருமையோடு காட்டினேன். அவர் வாசித்துவிட்டு என் தலையைத் தடவினார். "சரியாத்தான் பிடிச்சிருக்கிறாய். ஆனால் உதை ஒருத்தருக்கும் காட்டாதை" என்றார். ஆவிக்குத் தோற்ற மெக்கானிக் என்று துறையடியில் அவரை ஒரு வருடம் வைத்துச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, அம்மா காலால் ஒரு பொய் சொன்னார் என்று பங்குச் சுவாமியிடம் சொல்லிவிட்டேன். "உன்ரை பாவத்தைச் சொல்லு மகள். அம்மான்ரை பாவத்தை அவ வந்து சொல்லுவா" என்றார் சுவாமி.

முப்பத்தோராம் நாள் முடிந்து சில நாட்களில் ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அந்தக் கல்வெட்டு இருந்தது. பக்கத்தை விரித்து, விரலால் ஒரு வரியைத் தடவிக் காட்டினார். "ஏதும் எழுத்துப் பிழை இருக்கோ?" என்று அம்மா கேட்டார். அவர் இல்லையென்று தலையாட்டினார். பிறகு இரண்டு பேரும் தேத்தண்ணி ஆறும்வரை கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். பிழையே இல்லாத புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டி ஏன் அழுகிறார்கள் என்று நான் யோசித்தேன்.

பதின்மூன்று வருடங்கள் போயின. சிநேகிதி ஒருத்தியின் வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்காகக் கொக்குவில் போயிருந்தேன். அலுமாரியில் கல்வெட்டுகள் அடுக்கியிருந்தன. அம்மாவின் பிள்ளை அல்லவா, கை சும்மா இருக்கவில்லை; எடுத்துப் புரட்டினேன். ஒன்றில் இருந்த கிழவருக்கு என் அம்மாவின் மூக்கு. பெயரைப் பார்த்தேன். என் பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயருக்கு முன்னால் இருக்கிற அதே பெயர். அம்மா சொன்ன தூரம் அதுதான். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலம்.

பாசமிகு தந்தை என்ற வரியில் இரண்டு பெயர்கள் இருந்தன. அம்மாவின் பெயர் இல்லை.

கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தது. அம்மா அடித்துக் கொடுக்கிற அதே அச்சகம். கிழவர் காலமானது எங்கள் கணினிக்கு ஆவி பிடிப்பதற்குச் சில வருடங்களுக்கு முன்; அந்த வருடம் அவர்களுக்குக் கல்வெட்டு அடித்தவர் அம்மா ஒருவர்தான். புத்தகம் முழுக்கத் தேடினேன். ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. அப்போது எங்கள் கணினி புதிது, பற்றறியும் புதிது. அந்த இரண்டு பெயர்களையும் அடிக்கும்போது அது ஒருதரம்கூட நின்றிருக்காது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வேறு யாருக்கோ கல்வெட்டு அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் வந்த நன்றியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அம்மாவுக்குக் கிடைக்காத இடம் அந்தத் தவமலருக்குக் கிடைத்தது. யாரோ ஒருத்திக்காவது கிடைக்கவேண்டும் என்று நினைக்கத் தெரிந்தவரிடம் நான் பிள்ளையாகப் பிறந்திருந்தேன். காரணத்தை அறிந்து தன் பெயரைக் கெடுத்துக்கொண்ட சித்தப்பாவையும் நினைத்துக்கொண்டேன். பழைய கொப்பியைத் தேடி எடுத்தேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு எதிரே, காரணம் என்ற பத்தியில், "அம்மாவின் கால்" என்று பத்து வயதுக் கையெழுத்தில் கிடந்தது. அதை வெட்டிவிட்டு, எனக்குத் தெரிந்த அம்மாவின் முழுப்பெயரை, அவருடைய அப்பாவின் பெயரோடு சேர்த்து எழுதினேன்.

"என்ன பிள்ளை, வந்ததும் வராததுமா எழுதுறாய்?" என்று அம்மா திரும்பிப் பாராமலே கேட்டார்.

"ஒரு பிழை திருத்துறன் அம்மா" என்றேன்.