பயப்படவேண்டாம் என்றொரு தந்தி

முல்லைத்தீவுத் தபாற்கந்தோரில், ஒரு முற்பகல் வேளையில், எனக்கு முன்னே நின்ற அந்த அம்மையாரின் பெயரை நான் அறியேன். வெயிலிற் கறுத்த நெடிய உருவம். கழுத்தில் கறுப்புக் கயிற்றிற் கோத்த சிறு சிலுவை. ‘பயப்படவேண்டாம். பேரன் பிறந்தான். எல்லாரும் சுகம்’ என்ற தந்தி வாசகத்தை முணுமுணுத்தபடி, ஒவ்வொரு சொல்லையும் விரற்கணுவில் எண்ணிக்கொண்டிருந்தார். மீன்பிடிக்கத் திருகோணமலைக்குப் போயிருந்த கணவருக்கு, மகள் பிள்ளை பெற்ற செய்தியை அறிவிக்க வந்தவர்; பழைய கட்டணத்துக்குச் சரியாகவே காசு கொண்டுவந்திருந்தார். கட்டணமோ அன்றுதான் உயர்ந்திருந்தது.

“ஏன் ஐயா, திருகோணமலை இன்னும் தள்ளிப் போயிட்டுதோ?”

“நான் கூட்டேல்லை அம்மா, அரசாங்கம் கூட்டினது,” என்றார் தபாலதிபர். “இந்தக் காசுக்கு இரண்டு சொல் கூடிப்போச்சு. ‘பயப்படவேண்டாம்’, ‘எல்லாரும்’ இரண்டையும் வெட்டுவம். ‘பேரன் பிறந்தான், சுகம்’ எண்டாக் காணும்.”

அவர் பதறிப்போனார்.

“ஐயோ, அதை வெட்டாதேங்கோ! தந்தி எண்டாலே எங்கட ஆக்களுக்குச் சாவுச் செய்திதான். முதற் சொல் அது இல்லாட்டி அந்த மனுசனுக்கு நெஞ்சு அடைச்சுப்போம்.”

மிகுதிக் காசை நான் தருவதாகச் சொன்னேன்.

“வேண்டாம் தம்பி. விலையைக் கூட்டினது நீங்களே?” என்று சிரித்தார். பிறகு தபாலதிபரிடம் திரும்பி, “‘பேரன் பிறந்தான்’ எண்டதை வெட்டுங்கோ ஐயா. அதை அவர் வந்து பாக்கட்டும்,” என்றார்.

“பயப்படவேண்டாம். எல்லாரும் சுகம்” என்னும் மூன்று சொற்களே கம்பியேறின. காரணம் எதுவுஞ் சொல்லாத அந்த ஆறுதலைக் கையில் வைத்துக்கொண்டு, திருகோணமலைக் கரையில் அந்த மனிதர் என்னதான் நினைத்திருப்பார் என்று இன்றும் எண்ணிப்பார்க்கிறேன்.