பரிமளம் அக்கா வீட்டு அரசு

தொட்டியில் குட்டையாக போன்சாய் மரம் வளர்ப்பது மரத்தைப் பற்றிய தொழில் என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன். பாதி வேலை மனிதர்களுக்குப் பதில் சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் மொட்டை மாடியிலும் ஒரு குட்டி ஆலோ அரசோ இருந்தால் மேலே படியுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

சுவரில் முளைத்தது

நல்ல அரசங்கன்று எங்களுக்கு நர்சரியில் கிடைக்காது, விரிசல் விட்ட பழைய சுவரில்தான் கிடைக்கும். இடுக்கில் அவதிப்பட்டே அடிமரம் முறுக்கேறி, வயசான தோற்றம் வந்துவிடும். அப்படி ஒன்று பிள்ளையார்பாளையத்தில் எங்கள் அடுத்த தெரு பரிமளம் அக்கா வீட்டில் இருந்தது. வேர் போன வழியாக மழைத்தண்ணீர் அறைக்குள் வந்தது. பிரசவம் முடிந்து மகள் கவிதா குழந்தையோடு தங்கப்போகிற அறை அது.

எடுத்தே ஆகவேண்டும். ஆனால் மகள் மாசமாக இருக்கும்போது அரசைப் பிடுங்கினால் பிரசவத்தில் ஏதாவது ஆகிவிடுமோ என்று அக்காவுக்குப் பயம். இரண்டு கொத்தனார்கள் பாவம் நமக்கெதற்கு என்று கடப்பாரையோடு திரும்பிப் போயிருந்தார்கள். "நான் கொல்லலக்கா, வீடு மாத்தறேன்" என்று சொல்லி, உளியால் செங்கல்லைக் கொத்தி, காலைப்பொழுது முழுக்கச் செலவழித்து வேரோடு எடுத்தேன். அக்கா பக்கத்திலேயே நின்று சொன்னார்: "எம் பொண்ணு புள்ள பெத்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் இது உசுரோட இருக்கணும்மா, அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

கம்பி

புதிதாக வைத்த மரம் தொட்டியில் ஆடக்கூடாது. ஆடினால் வேர் பிடிக்காது. அதனால் தொட்டியின் ஓட்டை வழியாகக் கம்பி விட்டு இறுக்கிக் கட்டுவோம். மோட்டார் காயில் கட்டுகிற கௌஸ் பாய் கடையில் எரிந்த மோட்டாரின் செம்புக்கம்பி கிடைக்கும். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். கம்பியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "எங்க மருமவனுக்கும் இதே மாதிரி ஒரு கட்டு போட்டுத் தர்றியாம்மா, எந்த வேலையிலயும் வேர் புடிக்க மாட்டேன்றாரு."

மொட்டை

வேர் அறுபட்ட மரத்தால் இலைகளுக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. காம்பை மட்டும் விட்டுவிட்டு இருந்த இலை எல்லாவற்றையும் கத்தரித்தேன். மறுநாள் எங்கள் வீட்டு மாடி ஏறி வந்த அக்கா பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். விளக்கிச் சொன்னேன், காதில் ஏறவில்லை. "கவிதாவுக்கு இது ஒம்போதாவது மாசம், இப்ப போயி மரத்துக்கு மொட்ட அடிச்சிட்டு நிக்கிறியே!"

நகம்

சமாதானப்படுத்துவதற்காக ஒரு வழி காட்டினேன். பட்டையை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரியும். தெரிந்தால் உயிர் இருக்கிறது. சொன்னது என் தப்பு. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அடியிலிருந்து நுனிவரை ஒரே கீறல். நான் கடைக்குப் போகிற நேரம் பார்த்து அக்கா தினமும் வந்து கீறிப் பார்த்திருக்கிறார். எனக்கு வந்ததே கோபம்! பட்டை போனால் மரம் போச்சு என்று கத்திவிட்டேன். அக்கா கண்கலங்கிவிட்டார். "பச்சயப் பாத்தாதாம்மா அன்னிக்கு சோறு எறங்குது."

அதற்கு மேல் எப்படித் திட்டுவது? அன்று முதல் எனக்கும் சோறு இறங்கவில்லை.

துளிர்

மூன்றாவது வாரம் கவிதாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலையிலிருந்து அக்கா நாலு முறை போன் செய்துவிட்டார், நாலு முறையும் மரத்தைப் பற்றித்தான். ஐந்தாவது போனுக்கு முன்னால் மாடிக்கு ஓடினேன். ஒரு கீறலுக்குக் கீழே, அரிசி அளவுக்குச் செம்பு நிறத்தில் ஒரு முனை. போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். சாயங்காலம் பெண் குழந்தை, தாயும் சேயும் நலம்.

மூன்றாம் மாதம் கவிதா குழந்தையோடு மரத்தைப் பார்க்க வந்தாள். அதில் பதினோரு இலை இருந்தது. அவள் முகத்தில் சந்தோஷத்தைவிட வேறு ஏதோ ஒன்றுதான் அதிகம் இருந்தது. பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "வலியில நான் கத்திக்கினு இருக்குறேன், எங்கம்மா போன எங்கிட்ட நீட்டி, 'துளுத்துடுச்சு பாரு'ன்னு சொல்லுதுக்கா. 'உனுக்கு எப்டி இருக்குது'ன்னு அன்னிக்கு என்னைக் கேட்டது நர்ஸம்மா மட்டுந்தான்."

மரத்தைத் தொட்டிக்குள் அடக்க நாலைந்து வருஷம் போதும், அதைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்களை அடக்கும் வித்தையைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.