பன்னிரண்டு மணி ஏரி

என் மனைவி எடுத்த படங்களில் ஒன்றில்கூடச் சூரியன் உதிப்பதைப் பார்க்க முடியாது. அதற்குக் காரணம் நான்தான். வாரத்தில் ஆறு நாள் அதிகாலை நாலரைக்கு எழுந்து ரொட்டிக்கடை அடுப்பைச் சூடாக்குகிறவன் நான். ஏழாவது நாள் என்னை எழுப்ப வேண்டுமென்றால் வீட்டில் தீப்பிடிக்க வேண்டும். அப்போதும் எந்த அறையில் என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்ட வராது. ஊருக்கு வெளியே இருக்கிற ஏரிக்கரைக்குப் போக என்னை விட்டால் ஆள் கிடையாது. ஆகவே படம் எடுக்கிற மற்றவர்களெல்லாம் இளவெயிலில் எடுத்து முடித்து வீடு திரும்பும்போது நாங்கள் எதிரே போய்க்கொண்டிருப்போம்.

பன்னிரண்டு மணி வெயிலைப் பற்றி அவளிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவாள். வானம் வெளுத்திருக்கும். தண்ணீர் தகரக் கூரை மாதிரி கண்ணைக் கூசவைக்கும். எதிர்க்கரைக் குன்று புழுதிக்குப் பின்னால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும். மரத்தடியோ அட்டைக் கருப்பு. நம் கண் இது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சமாளித்துவிடும், கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. கரைக்கு ஏற்றபடி வைத்தால் வானம் வெள்ளைத் தாளாகிவிடும், வானத்துக்கு ஏற்றபடி வைத்தால் கரை இருண்டுவிடும். அவள் எப்போதும் வானத்தின் கட்சி.

"வெள்ளையாப் போனது போனதுதாங்க, அதுல ஒண்ணுமே மிஞ்சாது. கருப்புக்குள்ள ஏதாவது இருக்கும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல வெளிய இழுத்துக்கலாம்" என்பாள்.

அவள் ஒரு கண் மருத்துவமனையின் தரைத்தளத்தில், கண்ணாடி கவுன்ட்டரில் பதினேழு வருடமாக வேலை செய்கிறாள். ஒருவர் படியேறி வருகிற தினுசிலேயே பவர் கூடியிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். வெளிநாட்டுக்குக் குடிபோன வாடிக்கையாளர் ஒருவர் தன் பழைய கேமராவை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். அன்று பிடித்தது கிறுக்கு.

ஆரம்பத்தில் கம்ப்யூட்டரில் அவள் திருத்திய படங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். எல்லா வண்ணத்தையும் கடைசிவரை ஏற்றிவிடுவாள். கல்லூரியில் படிக்கிற எங்கள் மகள் ஒருநாள் எட்டிப் பார்த்து, "அம்மா, இது ஏரியா, இல்ல துணிக்கு நீலம் போட்ட வாளியா?" என்று கேட்டாள். என் மனைவி அன்றைக்கு முழுக்க எங்கள் இரண்டு பேரோடும் பேசவில்லை. நான் சிரித்தது தப்புதான்.

அதற்கப்புறம்தான் அவளுக்கென்று ஒரு முறை வந்தது. முதலில் வானத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் தணிப்பாள். பிறகு நிழலை அங்குலம் அங்குலமாக மேலே இழுப்பாள். புழுதிப் படலத்தை முழுக்கத் துடைக்க மாட்டாள். துடைத்தால் குன்று பக்கத்து வீட்டுச் சுவர் மாதிரி வந்து நிற்கிறதாம். எல்லாம் முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, சமையலறை வாசல்வரை போய் நின்று திரும்பிப் பார்ப்பாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு நான் யார் என்றே தெரியாது. ஆனால் அந்த மங்கலில் இருட்டும் வெளிச்சமும் சரியாக உட்கார்ந்திருந்தால்தான் படம் தேறும். உட்காரவில்லையென்றால் திரும்ப ஆரம்பிப்பாள். சோறு ஆறிப்போகும்.

"நான் வெறும் டிரைவர்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். "கொண்டுபோய் விடுவேன், ஓரமா நின்னு போன்ல ஸ்கோர் பாப்பேன், கூட்டிட்டு வருவேன். மத்தபடி அந்தக் கல்லையும் தண்ணியையும் எத்தனை வாரம் பாக்கிறது?" ரொட்டிக்கடையில் இதற்கு நல்ல சிரிப்பு கிடைக்கும்.

போன வருடம் மருத்துவமனையின் முதல் மாடியில் புதுக் காத்திருப்புக் கூடம் கட்டினார்கள். ஒரு சுவர் முழுக்க, பன்னிரண்டடி அகலத்துக்கு, ஒரு படம் வைப்பதாகத் திட்டம். கட்டட கான்ட்ராக்டர் ஒரு பனிமலை நீர்வீழ்ச்சிப் படத்தைச் சுருட்டித் தயாராக வைத்திருந்தார். பெரிய டாக்டரம்மா மட்டும் என் மனைவியைக் கூப்பிட்டு, "நீங்க ஏரியெல்லாம் எடுப்பீங்களாமே, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணு காட்டுங்க. நல்லா இருந்தா அதையே வெச்சிடலாம். ஆனா படத்துல ஆள் யாரும் இருக்கக் கூடாது. பாக்கிறவங்களுக்கு அமைதியா இருக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடத்தில் அவள் படம் எங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டியதில்லை. அந்த மருத்துவமனைச் சுவருக்கு அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும். மூன்று நாள் தூக்கத்தில்கூட அடி, அங்குலம் என்று முனகினாள்.

தேர்ந்தெடுத்தது ஒரு மழைக்காலப் படம். பாதி வானத்தை மேகம் அடைத்திருக்க, ஒரு இடுக்கு வழியாக வெயில் ஏரியின் நடுவே விழுந்த நேரம். கரைச் சேற்றில் இறங்கி அவசரமாக எடுத்தாள். வெளிச்சம் விழுந்த இடம் அபாரம். இந்தப் பக்கக் கரை மட்டும் முழுக் கருப்பு.

செவ்வாய்க்கிழமை மாலை சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நிழலை இழுக்கத் தொடங்கினாள். மகளும் நானும் பக்கத்தில். முதலில் புல் வந்தது. பிறகு ஒரு பாறை, மரத்தின் வேர். இன்னும் கொஞ்சம் இழுத்ததும் மரத்தடியில் ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது. அது தரையில் இல்லை, அந்தரத்தில் தொங்கியது.

"இது என் செருப்பாச்சே" என்றாள் மனைவி.

செருப்புக்கு மேலே ஒரு கை வந்தது. கைக்குப் பின்னால் ஹெல்மெட்டை அணைத்தபடி நான் வந்தேன். அந்த மரம் படத்துக்கு வெளியே என்றுதான் அன்று இரண்டு பேருமே நினைத்திருந்தோம். மகள் என் முகத்தைப் பெரிதாக்கினாள். ஏரியையும் பார்க்கவில்லை, ஸ்கோரையும் பார்க்கவில்லை. சேற்றில் நிற்கிறவளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தேன்.

"அப்பா, போன் எங்கப்பா?"

"பாக்கெட்ல இருந்திருக்கும்."

"ஸ்கோர் பாப்பேன்னு சொன்னீங்க?"

"அப்ப விளம்பர இடைவேளை" என்றேன். கையும் களவுமாகப் பிடிபட்டவன் வேறென்ன சொல்வான்? மகள் நாற்காலியிலிருந்து விழாத குறை. மனைவி சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"பேசாம அழிச்சிடு. ஆள் இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க இல்ல?" என்றேன்.

அழித்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்திலிருந்த மரப்பட்டையையும் புல்லையும் எடுத்து என்மேல் பூசியதும் நான் இருந்த சுவடே இல்லை. அவ்வளவு சுத்தமாகப் போவேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். சமையலறை வாசலுக்குப் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இல்லங்க. சரியா வரல."

"எல்லாம் அப்படியேதான இருக்கு? நான் மட்டும்தான் இல்ல."

"அதான் சரியா வரலங்கிறேன்." வந்து உட்கார்ந்து அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தாள். "எத்தனை வருஷமா அங்க இப்படி நின்னுட்டிருந்தீங்க? எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது." மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினாள். தேடுகிறவன் கண்ணுக்கு மட்டும் நான் தட்டுப்படுகிற அளவில் நிறுத்தினாள். அந்த அளவைப் பிடிக்க அவளுக்கு இரண்டு நாள் ஆனது. ஒரு இழை கூட்டினால் கருப்பில் மணல் மணலாகப் புள்ளி வருகிறது, ஒரு இழை குறைத்தால் நான் காணாமல் போகிறேன்.

"சுவர் போயிடும்டி" என்றேன்.

"போகட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். அவளால் எதையும் மறைத்துப் பேச முடியாது. படத்தை மேஜைமேல் விரித்த கையோடு, "டாக்டர், இதுல ஒரு ஆள் இருக்காரு. எடுக்க முடியும். ஆனா எடுக்க மாட்டேன். வேணாம்னா நீர்வீழ்ச்சியே வெச்சுக்குங்க" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

டாக்டரம்மா படத்தை அருகில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். "ஆளா? எங்க? ஆள் யாரும் இல்லையே, அழகா இருக்கே!"

அங்கேயே வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். நான் அவள் முழங்கையை இடித்தேன். அவளோ கவுன்ட்டர்க்காரி.

"டாக்டர், இந்தக் கண்ணாடி போட்டு எத்தனை வருஷம் ஆச்சு? உங்க பவர் மாறியிருக்கு."

அந்த அறையில் என்னைத் தவிர வேறு யாருக்கும் வியர்க்கவில்லை. ஊர்க் கண்ணையெல்லாம் பார்க்கிறவருக்குத் தன் கண்ணைப் பார்க்க நான்கு வருடமாக நேரம் இல்லையாம். அடுத்த அறையில் சோதித்தார்கள். மாறித்தான் இருந்தது. பவரைக் கூட்டி, சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டியபடியே டாக்டரம்மா வந்து படத்தின்மேல் குனிந்தார்.

"ஐயோ, செருப்பைத் தூக்கிட்டு!" என்று சிரித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார், மறுபடி சிரித்தார். கான்ட்ராக்டரின் நீர்வீழ்ச்சி இன்னும் சுருட்டியபடியே கிடங்கில் இருக்கிறது.

இப்போது மாலையில் அவளைக் கூட்டிவரப் போனால், கொஞ்ச நேரம் அந்தக் கூடத்தில் போய் உட்காருகிறேன். ஏரியில் விழுந்த வெயில் பன்னிரண்டடியில் நிஜமாகவே சுடுகிற மாதிரி இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்கள் வெளிச்சத்தை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே போவார்கள். கட்டுப் பிரித்து வெளியே வரும்போது நர்சுகள் சுவரைக் காட்டி, "மரத்தடியில யாராவது தெரியுறாங்களா?" என்று கேட்கிறார்கள். அங்கே நான் ஒரு பரீட்சையாகிவிட்டேன்.

போன வாரம் ஒரு பெரியவர் கட்டுப் பிரித்த கண்ணோடு சுவரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, அது நீங்கதானே?"

"ஆமாங்க."

"யாரைப் பாத்து அப்படிச் சிரிக்கிறீங்க?"

ரொட்டிக்கடையாக இருந்தால் ஏதாவது கதை விட்டிருப்பேன். "என் வீட்டுக்காரியைத்தாங்க" என்றேன். "கீழ கண்ணாடி கவுன்ட்டர்ல இருக்காங்க."

பெரியவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பார்த்துவிட்டு வருகிறேன் என்று படியிறங்கிப் போனார்.