கார்டு வரட்டும்

சலவைக்கூடத்தில் என் சித்தப்பாவுக்கு வைத்திருந்த பெயர் 'கார்டு வரட்டும்'. ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உருளை இஸ்திரி இயந்திரத்தில் விட்டு, மடித்து அனுப்பும் இடம் அது. ஈர விரிப்பைச் சுருக்கமில்லாமல் பிடித்து உருளைக்குள் விடுவதில் அவர் கெட்டிக்காரர். வீட்டில் அவர் படுத்ததோ தரையில், அப்பளம் போலத் தேய்ந்துபோன ஒரு மெத்தையில். கட்டில் வாங்கச் சொன்னால் "கார்டு வரட்டும்மா" என்பார். கடைவாய்ப் பல் வலித்தது, கார்டு வரட்டும். கோட்டின் ஜிப் போனது, அதுவும் கார்டு வரட்டும்.

கார்டு என்றால் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே தங்க அரசு தரும் வசிப்பிட அட்டை. பழையதன் காலம் முடியும் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு இங்கே இருக்கலாம், வேலை பார்க்கலாம். ஆனால் பாதியில் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பம் செத்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால் அவர் பக்கத்து ஊருக்குப் போகவே யோசிப்பார்.

நான் இங்கேயே பிறந்தவள். என் பாஸ்போர்ட்டைப் பார்த்து எந்த எல்லையும் முகம் சுளித்ததில்லை. ஊர் ஊராகச் சுற்றிவிட்டுக் கையில் காசில்லாமல் திரும்பி, சித்தப்பாவின் முன்னறையில் ஒண்டியிருந்தேன். என் முதுகுப்பையை அவர் அவ்வப்போது தூக்கிப் பார்ப்பார்.

"கனமே இல்லையே. இதை வெச்சா இத்தனை நாடு சுத்தின?"

"கனமா இருந்தா சுத்த முடியாது சித்தப்பா."

"எனக்கு அந்தச் சீட்டே கனமா இருக்கு."

அவருக்குப் பேசி வைத்திருந்த பெண் எங்கள் சொந்த ஊரில் கணக்கு டீச்சர். இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. இருவருக்கும் இதுதான் முதல் கல்யாணம். போனிலேயே பழகி, போனிலேயே சண்டை போடும் அளவுக்கு நெருங்கியிருந்தார்கள். இரண்டு முறை தேதி குறித்து, இரண்டு முறையும் சித்தப்பாதான் தள்ளிப்போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது டீச்சர் அழைத்தார். கையெல்லாம் வெங்காயம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டார். நானும் கேட்க வேண்டியதாயிற்று.

"இந்த லீவுக்காவது வருவீங்களா?"

"கார்டு வந்ததும்…"

"நீங்க என்னைக் கட்டிக்கப் போறீங்களா, கார்டைக் கட்டிக்கப் போறீங்களா?"

சித்தப்பா கத்தியைக் கீழே வைத்தார்.

"எங்க அண்ணன் வேற இடம் பார்க்கறேங்கிறார். நான்தான் வேணாம் வேணாம்னு தள்ளிட்டிருக்கேன். இந்த லீவும் போச்சுன்னா அவர்கிட்ட சொல்ல எனக்கு வார்த்தை இல்லை."

"போனா திரும்ப விட மாட்டாங்க. எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரையும் விடுங்க. ஆபீஸ்ல கேட்டீங்களா?"

"கேட்டா, இவனுக்கு இங்க இருக்க இஷ்டமில்லை போலன்னு ஃபைலை ஓரமாத் தூக்கி வெச்சிடுவாங்க."

டீச்சர் நிதானமாகச் சொன்னார். "சந்தேகம் கேட்டா அடிப்பாங்கன்னு கேட்காமலே ஃபெயில் ஆவானுங்க சில பசங்க. நாளைக்கே போய்க் கேளுங்க."

மறுநாள் அவரைக் கூட்டிப்போக சலவைக்கூடத்துக்குப் போனேன். மடிப்பு மேசையிலிருந்த அக்கா விரிப்பிலிருந்து கையை எடுக்காமலே விசாரித்தார்.

"என்ன, கார்டு வந்துடுச்சா?"

"இல்லக்கா. கல்யாணத்துக்குப் போகலாமான்னு ஆபீஸ்ல கேட்கப் போறேன்."

"நல்ல மாப்பிள்ளை. பொண்ணைக் கேட்க வேண்டியதை ஆபீஸ்ல போய்க் கேட்கறான்."

பேருந்தில் வழி நெடுக அவர் இந்த ஊர் மொழியில் ஒத்திகை பார்த்தார். குடியேற்ற அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மாளிடம் தடுமாறாமல் சொல்லியும் முடித்தார்.

"போகலாமே" என்றார் அந்த அம்மாள். "திரும்பி வர அனுமதின்னு தனியா ஒண்ணு இருக்கு. கல்யாணம்னா நல்ல காரணம்தான். ஒரு தடவை போய்ட்டு வரலாம். எப்போ போகணும்?"

இந்தக் கேள்விக்கு ஒத்திகை இல்லை. சித்தப்பா என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் வாயில் அதுவே வந்தது. "கார்டு வந்ததும்."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கார்டு வந்துட்டா இந்த அனுமதியே தேவையில்லையே, ஐயா."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சித்தப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது. "அடுத்த மாசம்" என்றார், அவசரமாக.

"அனுமதி கைக்கு வர்றதுக்கு முன்னாடி கிளம்பிடாதீங்க. அதுல போட்டிருக்கிற தேதிக்குள்ள திரும்பிடுங்க."

அனுமதி வந்தது. டிக்கெட் எடுத்த கையோடு அவர் செய்த முதல் காரியம், கட்டில் வாங்கியது. அதுவும் இரட்டைக் கட்டில். பலகைகளை இருவருமாக மாடிப்படியில் திணறித் திணறி ஏற்றினோம்.

"கார்டு இன்னும் வரலையே, சித்தப்பா."

"கடைக்காரன் கார்டு கேட்கலைம்மா." திருகாணியை முறுக்கியபடியே குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒருவேளை என்னைத் திரும்ப விடலைன்னா நீ படுத்துக்கோ."

கல்யாணம் ஊரில், பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது. எனக்குப் போனில் படம் வந்தது. டீச்சர் நிமிர்ந்து நின்றார். சித்தப்பா சட்டைப்பையைப் பிடித்தபடி நின்றார். உள்ளே அனுமதிக் கடிதம் இருந்திருக்க வேண்டும்.

அவர் திரும்பும் நாளில் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். அந்த விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். தரை துடைப்பவர் என் காலடிவரை துடைத்துவிட்டு, ஒதுங்கச் சொன்னார். சித்தப்பாவின் போன் அணைந்திருந்தது. எத்தனையோ எல்லைகளைத் தாண்டியபோது வராத பயம், அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது.

கதவு திறந்தது. பெட்டியும் கையுமாக வந்தார்.

"என்னாச்சு?"

"கடிதத்தைப் பார்த்துட்டு ஓரமா உட்காரச் சொன்னாங்க. உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடலை. அப்புறம் நானே எழுந்து போய், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டேன்."

"நீங்களா?"

"நான்தான். 'அட, மறந்துட்டேன்'னு முத்திரை குத்திக் கொடுத்துட்டான்."

வீட்டுக்கு வந்து போனைச் சார்ஜில் போட்டதும் சித்தியை அழைத்தார். ஆமாம், இனி அவர் எனக்குச் சித்தி.

"வந்துட்டேன். உள்ள விட்டுட்டாங்க."

"கார்டு?"

"வரலை."

"வரட்டும். வந்ததும் நான் அங்க வர்றதுக்கு என்ன எழுதிப் போடணும்னு ஆபீஸ்ல போய்க் கேட்டு வைங்க. அப்புறம், கட்டில்ல ஜன்னல் பக்கம் எனக்கு. அங்க துணி குவிக்காதீங்க."

சித்தப்பா என்னைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் என் துணிகள் மலையாகக் கிடந்தன. நான் அவற்றை அள்ளிக்கொண்டு போக, அவர் புது விரிப்பு ஒன்றை எடுத்து உதறி, அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை நீவிவிட்டார்.